ஈர்க்குச்சி அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

நேற்று இரவு வீட்டுக்கு வந்த பிறகும் ஷூவைக் கழற்ற மனம் வரவில்லை. பாஸ்கெட்பால் மேட்சில் ஏழு நிமிடம்தான் ஆடினேன். ஆனால் ஆடிவிட்டேன்! முழங்காலில் என்ன ஆனது, எப்படி ஆனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். போன வருடம் முழுக்க அதைப் பேசிப் பேசி நீங்களும் ஓய்ந்தீர்கள், நானும் ஓய்ந்தேன். இது நன்றி சொல்ல மட்டும்.

தொடைத் தசைநாரை எடுத்து முழங்காலுக்குப் புது லிகமென்ட் (மூட்டு எலும்புகளைப் பிணைத்து நிறுத்தும் நார்) வைத்துக் கொடுத்த டாக்டருக்கும், ஒன்பது மாதம் ஆகாமல் மேட்ச் பக்கமே போகக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற பிசியோவுக்கும், ஆளுக்கு இருநூறு, ஐநூறு என்று சேர்த்துக் கொடுத்த ஜூனியர் பெண்களுக்கும், லீவு விஷயத்தில் ஒரு வார்த்தை கடிந்து பேசாத என் மேலாளருக்கும், தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்ட தம்பிக்கும், அம்மாவுக்கும் என் நன்றி. உங்களைத் தனித்தனியாக நேரில் வந்து பார்க்கிறேன். இங்கே ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் இருக்கும். யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் விடியற்காலை ஐந்தரைக்கு ஊன்றுகோலோடு கிரவுண்டுக்குப் போனேன். ரிங்குக்கு ஆறடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தபடி பந்து போட வேண்டும். கால் ஆறும்வரை மணிக்கட்டும் விரலும் மறந்துவிடாமல் இருக்கத்தான் அந்தப் பயிற்சி. முதல் பந்து ரிங்கில் பட்டு வேலி வரைக்கும் உருண்டு போனது. எழுந்து போய் எடுத்து வர ஐந்து நிமிடம் ஆனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்து ஓடியதும் எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வாதாமரத்துச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்கா சீமாற்றை வேலியில் சாய்த்துவிட்டு, பந்தை இரண்டு கையாலும் தண்ணீர்க் குடம் மாதிரி அணைத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். காலுக்கு என்ன என்று கேட்கவே இல்லை. "நீ போடு சாமி, நான் எடுத்துத் தர்றேன்" என்றார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். எனக்கு எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்ததால் அவரே ஒரு வழி செய்தார். பத்துப் பந்து உள்ளே போனால் சீமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து வேலிக் கம்பியில் செருகுவார். போகும்போது குச்சியை எண்ணுவோம். "நேத்து ஒம்பது, இன்னைக்கு ஏழுதான். ராத்திரி தூங்கலியா?" என்பார். தூங்காத இரவுகள் அவருக்குக் குச்சியிலேயே தெரிந்துவிடும்.

நாற்காலியை விட்டு எழுந்து, ரிங் மாட்டிய பலகையிலிருந்து 4.6 மீட்டர் தள்ளியிருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டில் (யாரும் தடுக்காமல் பந்து போடும் இடம்) நிற்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவர் சொன்னது இது: "தவறிப் போற பந்தெல்லாம் வலப்பக்கமாவே விழுது. நீ அந்தப் பக்கமே சாயறயாட்ட இருக்குது." அடிபட்டது இடது கால். அதை நம்பாமல் உடம்பு முழுவதையும் வலது காலில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. பிசியோவிடம் சொன்னேன், பார்த்துவிட்டு ஆமாம் என்றார். அப்புறம் ஒரு மாதம் இடது காலை நம்பக் கற்றுக்கொள்வதுதான் பயிற்சியாக இருந்தது.

நான்காவது மாதத்தில்தான் வாட்ச்மேன் அண்ணன் மூலம் ஒரு விஷயம் தெரிந்தது. குழந்தைகள் ஆட வருவதற்குள், ஏழு மணிக்கெல்லாம் கிரவுண்டு முழுக்கக் கூட்டி முடித்தாக வேண்டும். எனக்குப் பந்து எடுத்துத் தரும் நேரத்தை ஈடுகட்ட, அக்கா அத்தனை மாதமும் முதல் பஸ்ஸைப் பிடித்து முன்கூட்டியே வந்து பாதி வேலையை இருட்டிலேயே முடித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சின்ன வயதில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை மேட்ச் பார்க்க அப்பா தோளில் தூக்கிப் போவார். கோவையில் பாஸ்கெட்பால் பைத்தியம் பிடிக்க அது போதும். ஆனால் அதுவே வாழ்க்கை என்று முடிவெடுக்கும் பெண்ணுக்கு இங்கே பெரிய லீக் சம்பளம் எதுவும் காத்திருப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை, அலுவலக அணி, வருடத்துக்குச் சில போட்டிகள். சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ என்ற செய்தி வந்தபோது எங்கள் வீட்டு விசேஷம் மாதிரி இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். படுக்கையில் கிடந்த நாட்களில் அவரை அடிக்கடி நினைப்பேன். அவ்வளவு வருடம் ஒருவர் ஆட வேண்டுமென்றால், பெயர் எங்கும் வராத எத்தனை பேர் அவருக்குப் பந்து எடுத்துத் தந்திருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இனிமேல் அந்தக் கோர்ட்டில் ஒரு பிள்ளை தனியாகப் பந்து போடுவதைப் பார்த்தால் ரிங்குக்குக் கீழே போய் நிற்காமல் நகர மாட்டேன். இதை நாலு பேர் அறிய எழுதி வைக்கிறேன்.

நேற்று அக்காவால் மேட்சுக்கு வர முடியவில்லை, வேலை. இரவு போன் செய்தேன். ஏழு நிமிடம், இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் உள்ளே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு, "ரெண்டுதானா? இன்னும் எட்டு போட்டாத்தான் சாமி ஒரு குச்சி" என்றார்.

சரி அக்கா. நாளைக்கு ஐந்தரைக்கு வருகிறேன். நீங்கள் சீக்கிரம் வர வேண்டாம், சருகை இரண்டு பேருமாகக் கூட்டிவிட்டு அந்த எட்டைப் போடலாம்.