பேனல் மிதந்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

ராணுவ முகாம்களுக்கு மிதவை சோலார், அதாவது நீரில் மிதக்கும் சோலார் பேனல்கள், பற்றிப் பேசுவோர் பலர் பேனலோடு நின்றுவிடுகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில், கேம்ப் மெக்கால் பயிற்சி முகாமின் பிக் மடி ஏரியில் 2022 ஜூனில் 1.1 மெகாவாட் அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடி கூடவே உள்ள 2 மெகாவாட்-மணி பேட்டரிதான்.

பேனலின் மின்சாரத்தை ஏசி மின்சாரமாக மாற்றும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், வெளி லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கும் லைனுக்குள் மின்சாரம் பாயாமல் இருக்க, லைன்மேன் பாதுகாப்புக்காகவே அந்த ஏற்பாடு. உச்சி வெயிலிலும் முகாம் இருட்டில் கிடக்கும். அதனால் வெளி லைனைத் துண்டிக்கும் சுவிட்சும், தானே வோல்டேஜையும் அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் அலைவெண்ணையும் உருவாக்கும் பேட்டரி இன்வெர்ட்டரும் கட்டாயம். 250 கிலோவாட் அவசிய லோடுக்கு முழு சார்ஜ் கணக்குப்படி 8 மணி நேரம் வரும், நடைமுறையில் குறையும். எந்த ஏசியை முதலில் நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்யாவிட்டால் இன்னும் குறையும்.

அடுத்தது, பேனல்களைக் கயிறு கட்டி இடத்தில் நிறுத்தும் நங்கூரம். ஜப்பானின் யமகுரா அணையில் 2019 செப்டம்பரில் ஃபாக்சாய் புயல் 13.7 மெகாவாட் அமைப்பைக் கிழித்தது. பேனல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தீப்பிடித்தன. ஒரு நங்கூரம் பிடுங்கிக்கொண்டால் அதன் இழுவை அடுத்ததில் ஏறும், பிறகு வரிசையாகப் போகும். கயிறுகளின் இழுவையை நீர்மட்டம் ஏறி இறங்கும் ஒவ்வொரு பருவத்திலும் அளக்க வேண்டும். இதைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
மின் பொறியாளர் ஒருவர்