கிணற்றுத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மறைந்த பெரியவர் தம் கையால் வெட்டிய பாசனக் கிணற்றைச் செப்பனிடும் வேலை முடிந்துவிட்டது. கோயில் வேலைக்குரிய சொல்லைக் கிணற்றுக்குச் சூட்டலாமா என்று சிலர் கேட்டார்கள். நீரைத் திறந்துவிடும் வேலைக்கு அதைவிடக் குறைந்த சொல்லை வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அவருக்குச் சிலை வைக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. அவருடைய துணைவியார் மறுத்தார். “ஓரிடத்தில் சும்மா நிற்கிற ஆள் இல்லையே அவர்” என்றார். அதற்குப் பிறகு யாரும் சிலையைப் பற்றிப் பேசவில்லை.

கிணறு வெட்டிய நாளில் அவருக்கு மூன்று சிறு குழந்தைகள். பகலில் பிறர் நிலத்தில் கூலி வேலை, இரவில் நிலா வெளிச்சத்தில் தம் நிலத்தில் பாறை உடைப்பு. அவர் வெட்டிய மண்ணை மேலே நின்று கூடை கூடையாக இழுத்துக் கொட்டியவர் துணைவியார். ஆகவே கல்வெட்டில் இருவர் பெயரையும் பொறித்திருக்கிறோம். தண்ணீர் கண்டதும் பெரியவர் அடுத்த வயல்காரர்களுக்கும் முறை ஒதுக்கினார். வறட்சியில் சொந்தப் பயிர் வாடியபோதும் அந்த முறையில் ஒரு நாழிகைகூடக் குறைக்கவில்லை. அன்று அதற்காக அப்பாவிடம் கோபித்துக்கொண்டதை மூத்த மகள் எங்களிடம் கண்கலங்கச் சொன்னார்.

வேலைக்கு எங்களுக்கு வழிகாட்டியதும் அந்தப் பெரியவரே. வீட்டார் கொடுத்த அவருடைய பழைய நோட்டில் மழை பெய்த நாள், விதைத்த நாள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கின்றன. வயலுக்குத் தனிக் கணக்கு, வீட்டுக்குத் தனிக் கணக்கு என்று அவர் பிரித்ததே இல்லை. ஒரு பக்கத்தின் ஓரத்தில், ஊற்றுக்கண் கிழக்குச் சுவரில் கடைசிப் படிக்குக் கீழே இருப்பதாகக் குறித்திருந்தார். தூர்வாரிக்கொண்டே இறங்கிய ஆட்கள் அந்த இடத்தில் கடப்பாரையால் நெம்பியதும் கல்லிடுக்கிலிருந்து நீர் கசியத் தொடங்கியது.

பழங்கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்கி நிற்கும், உயிர்க்காற்று குறைந்திருக்கும். எனவே காற்றூதி வைத்து நல்ல காற்றைச் செலுத்தி, வாயுமானியால் சோதித்த பிறகே நாள்தோறும் ஆட்களை இறக்கினோம். இறங்கியவர் இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடிக்க ஆள். ஒருவருக்கும் காயமில்லை என்பதை நிறைவோடு தெரிவிக்கிறோம். கிணற்றின் விட்டம் 6 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு வண்டல் படிந்தால் ஏறத்தாழ 28,000 லிட்டர் நீருக்கு இடம் போய்விடும். அள்ளிய வண்டலைச் சுற்றியுள்ள வயல்களுக்கே பரப்பக் கொடுத்துவிட்டோம்.

எங்கள் பக்கம் நேர்ந்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். உட்சுவர் அழகாக இருக்கட்டும் என்று கீழ்ப்பகுதியிலும் சிமென்ட் பூசச் சொல்லிவிட்டோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் நீர் உள்ளே வர வேண்டும். அதை அடைத்தால் ஊறும் நீர் தடைபடும். நிலத்தடி நீர் உயரும்போது சுவருக்குப் பின்னால் அழுத்தம் கூடிச் சுவரே சரியலாம். மூத்த கொத்தனார் ஒருவர் எச்சரித்ததும் பூச்சைக் கொத்தி எடுத்தோம். அதனால் நாளும் கூலியும் வீணாயின. அந்தச் செலவைக் குழுவினரே ஏற்றுக்கொண்டோம், பொதுப் பணத்தில் சேர்க்கவில்லை.

மேட்டு நிலத்து மழைநீரை வடிகட்டிக் கிணற்றுக்குள் விடப் புதிய தொட்டி கட்டியிருக்கிறோம். ஓர் ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் அது ஏறக்குறைய 40,000 லிட்டர். அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலும் கிணற்றுக்குப் பலம்தான். தொட்டியில் கூழாங்கல், சரளை, மணல் என மூன்று அடுக்குகள் இட்டிருக்கிறோம். கைப்பிடிச் சுவரை உயர்த்திக் கிணற்றை இரும்பு வலையால் மூடியிருக்கிறோம். படிகளில் இரண்டைத் தவிர மற்றவை அவர் பதித்த அதே கற்கள்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து செயலாளரிடம் இருக்கிறது. உறுப்பினர் எவரும் எப்போது வேண்டுமானாலும் ரசீதுகளோடு பார்க்கலாம். நோட்டைப் படி எடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் தொட்டியின் மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். முறை வைத்துச் செய்ய விரும்புவோர் பெயர் கொடுக்கலாம். முதல் முறையைப் பெரியவருடைய இளைய மகன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்