புதிய மென்பொருளும் முதல் மாதமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அலுவலகத்தில் புது மென்பொருள் வரும்போதெல்லாம் 'ஆண்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், பெண்கள் தயங்குவார்கள்' என்ற பேச்சு எழுகிறது. இதைத் திறமைக் குறைவாகப் படிப்பது தவறு, அநியாயமும்கூட.

2000-இல் வெங்கடேஷ், மோரிஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு, புது மென்பொருள் அறிமுகமான 342 ஊழியர்களை 5 மாதம் கவனித்தது. வேலைக்கு எவ்வளவு உதவும் என்பது ஆண்களின் முடிவில் கூடுதலாக எடைபெற்றது. கையாள எளிதா, சுற்றியிருப்போர் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பவை பெண்களிடம் கூடுதலாக எடைபெற்றன. சுற்றியிருப்போரின் தாக்கம் நாளாக ஆகக் குறைந்தது. 1997-இல் கெஃபனும் ஸ்ட்ராபும் விமான நிறுவன ஊழியர்களிடம் மின்னஞ்சலைப் பற்றி ஆராய்ந்தபோது, ஆண், பெண் பார்வை வேறுபட்டது, பயன்பாடு வேறுபடவில்லை. இவை சராசரிகள்தாம். பக்கத்து இருக்கைக்காரர் எப்படி என்பதை இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

கோளாறு பயிற்சியில் இருக்கிறது. விற்பவர் வந்து 2 மணி நேரம் திரையில் நன்மைகளை அடுக்குகிறார். யாரும் விசைப்பலகையைத் தொடுவதில்லை. பயன் புரிகிறது, எளிமை புரிவதில்லை. அது கைபட்டால்தான் தெரியும்.

ஆளுக்கொரு கணினி வேண்டும். இருவருக்கு ஒன்று என்றால் வேகமானவர் மவுஸைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். உண்மைத் தரவைத் தொடாத பயிற்சி நகலில் வேண்டுமென்றே தப்பு செய்யவிடுங்கள்: தவறான தொகையைப் பதிவது, பாதியில் மூடுவது, ஆள் மாற்றி அனுப்புவது. பிறகு ஒவ்வொன்றையும் திருத்தவும் பழக்குங்கள். திருத்த முடியாத பிழை நேர்ந்துவிடுமோ என்ற பயம்தான் பலரின் கையைக் கட்டுகிறது. 45 நிமிட வகுப்பு போதும். இரண்டாம் வாரம் மறுபடியும் நடத்த வேண்டும். வேலை நேரம் முடிந்தபின் வைத்தால் வீட்டுப் பொறுப்பு உள்ளவர்கள்தான் முதலில் விடுபடுவார்கள்.

மேலதிகாரி மென்பொருளிலும் பதியச் சொல்லி, 'ஒரு பிரதி காகிதத்திலும் கொடுங்கள்' என்றால் எல்லாம் கெட்டது. அவரே நம்பாததை மற்றவர்கள் ஏன் நம்ப வேண்டும்?

'எளிதாக இருந்ததா?' என்று முதல் வாரமே கருத்துப்படிவம் கொடுத்து மதிப்பிடுவதையும் நிறுத்த வேண்டும். 2006-இல் ஹர்கிட்டாய், ஷேஃபர் நடத்திய ஆய்வில், இணையத் திறனில் ஆணும் பெண்ணும் பெரிதாக வேறுபடவில்லை. தங்களைப் பெண்கள்தாம் குறைத்து மதிப்பிட்டார்கள். ஆகவே நான்காம் வாரம் பிழைகளையும், திரும்பச் செய்த பதிவுகளையும், ஒரு பதிவுக்கு ஆன நேரத்தையும் எடுத்துப் பாருங்கள். யார் எத்தனை முறை உதவி கேட்டார்கள் என்ற கணக்கை மட்டும் பணி மதிப்பீட்டில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அடுத்த மாதம் யாரும் கேட்கமாட்டார்கள், பிழைகள் பதிவேட்டில் தங்கிவிடும்.