கினாபாத்தாங்கானுக்கு டிசம்பரில் வேண்டாம்

ஈப்போ

அன்புள்ள சந்தானம்,

உன் கடிதமும் அதனுடன் நீ இணைத்திருந்த பயண நிறுவனத்தின் திட்டமும் வந்து சேர்ந்தன. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, மருத்துவர் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றச் சொல்லிவிட்டார் என்று படித்ததும் மனம் நிறைந்தது. தெளிந்த கண்ணோடு முதலில் பார்க்க வேண்டியது போர்னியோக் காடுதான் என்று நீ தீர்மானித்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. தாம்பரம் விடுதியில் தேர்வுக்கு முந்தைய நாள்கூடக் கல்லூரிப் புதர்க்காட்டில் பறவை தேடிப் போனவன் நீ. இங்கே நாங்கள் நலம். சரோஜாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. ஆனால் படகில் உட்கார்ந்தபடியே பார்க்கும் பயணம் என்றதும் அவளும் வருவதாகச் சொல்லிவிட்டாள். ஆகவே நீ, தங்கை மீனாட்சி, நாங்கள் இருவர் என நால்வருக்காகவே யோசித்து எழுதுகிறேன்.

அந்தத் திட்டத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், அதற்கு முன்பணம் கட்டிவிடாதே. டிசம்பரில் இரண்டு இரவு, மூன்று பகல். ஓராங் ஊத்தான், யானை, நீள்மூக்குக் குரங்கு, முதலை ஆகிய நான்கும் உறுதி என்று அச்சிட்டிருக்கிறார்கள். காட்டில் திரியும் விலங்குக்கு எந்த நிறுவனமும் உத்தரவாதம் தர முடியாது என்பது உனக்கே தெரியும். மாதத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதோ அதைவிடப் பொருத்தமற்றது. போர்னியோத் தீவிலுள்ள மலேசிய மாநிலமான சபாவின் கிழக்குப் பகுதியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். டிசம்பரிலும் ஜனவரியிலும் அது உச்சத்தில் இருக்கும். கினாபாத்தாங்கான் சுமார் 560 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு, மலேசியாவில் சரவாக்கின் ராஜாங் ஆற்றுக்கு அடுத்த நீளம் இதற்குத்தான். மேலே மலையில் கொட்டும் மழையெல்லாம் நாம் போகவிருக்கும் கீழ்ச் சமவெளியில் வந்து தேங்குவதால், வெள்ள ஆண்டுகளில் ஆறு கரையேறிக் காட்டுக்குள்ளும் கிராமத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது. அப்போது தரைவாழ் விலங்குகள் மேட்டு நிலங்களுக்கு விலகிவிடும், நாம் தங்கும் வீட்டின் படிக்கட்டு வரை தண்ணீர் நிற்கும். பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டிய நிலையில் நாம் இப்போது இல்லை. ஜூன் அல்லது ஜூலையில் போவோம்.

மாதத்தைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. கினாபாத்தாங்கானில் விலங்குகளை ஏன் இவ்வளவு எளிதாகப் பார்க்க முடிகிறது என்பது தெரியாமல் அங்கே போகக்கூடாது என்பது என் கருத்து. மழைக்காடு பொதுவாக எதையும் எளிதில் காட்டிக்கொடுக்காது. அதே சபாவில் உள்ள டானும் பள்ளத்தாக்கின் கன்னிக் காட்டில் காலை முழுவதும் நடந்தாலும் அட்டைகளையும் தொலைவில் கேட்கும் இருவாச்சிக் குரலையும் தவிர வேறொன்றும் கிடைக்காமல் திரும்ப நேரலாம். கினாபாத்தாங்கான் கரையிலோ ஒரே மாலையில் நான்கு வகைக் குரங்குகளைப் பார்த்துவிடலாம். 1950களில் தொடங்கிய மரவெட்டு பெருமரங்களைக் கொண்டுபோயிற்று. 1980களிலிருந்து, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்கள் நிலத்தைக் கொண்டுபோயின. எஞ்சிய காட்டின் ஒரு பகுதிதான், பத்துத் துண்டுகளாக, ஏறத்தாழ 26,000 ஹெக்டேர் பரப்பில், 2005இல் வனவிலங்குச் சரணாலயமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. சில இடங்களில் ஆற்றங்கரைக் காடு வெறும் ஒரு பட்டைதான். படகிலிருந்து பார்க்கும்போது முடிவில்லாத வனம் போலத் தோன்றும் பச்சைச் சுவரின் மறுபக்கத்தில், வரிசை பிசகாமல் நடப்பட்ட செம்பனை அடிவானம் வரை நிற்கிறது. விலங்குகள் ஒதுங்க வேறிடம் இல்லாமல் ஆற்றோரத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த நெருக்கடியைத்தான் விளம்பரங்கள் வளம் என்று விற்கின்றன. இப்படிச் சுருங்கிய காடு எல்லா உயிர்களையும் தாங்கிவிடவில்லை. மலேசியாவின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் இதே சபாவில், காப்பிடத்தில் இறந்தது.

வால்பாறையைப் பல காலமாகப் பார்த்துவரும் உனக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. அங்கே தேயிலை, இங்கே செம்பனை. புதுத்தோட்டத்தில் சாலையைக் கடக்கும் சிங்கவால் குரங்குகளுக்காக மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பாலங்களைப் பற்றி நீதானே எனக்கு எழுதினாய்? கினாபாத்தாங்கான் கரைக் கிராமமான சுகாவின் பக்கத்துச் சிற்றாறுகளின் குறுக்கே, பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி ஓராங் ஊத்தான்களுக்கு அதேபோலப் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஓராங் ஊத்தான் நீந்தாது. முன்பு இரு கரைப் பெருமரங்களின் கிளைகளும் மேலே தொட்டுக்கொண்டிருந்ததால் அது கிளைவழியே கடந்தது. மரங்களை வெட்டிய பின் பத்து மீட்டர் அகலமுள்ள ஓடைகூட அதற்குத் தாண்ட முடியாத எல்லையாகிவிட்டது. பெருமரம் போனதால் இருவாச்சிகளுக்கும் கூட்டுப் பொந்து இல்லை. அவற்றுக்காக மரத்தில் செயற்கைக் கூட்டுப் பெட்டிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். எட்டு வகை இருவாச்சிகள் வாழும் ஆற்றங்கரையில் இப்படி ஒரு நிலை.

இனி வழியைச் சொல்கிறேன். கோலாலம்பூரிலிருந்து சண்டாகானுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த விமானப் பயணம். முதல் நாள் அங்கே தங்கி, பெற்றோரை இழந்த ஓராங் ஊத்தான் குட்டிகளைக் காட்டு வாழ்வுக்குப் பழக்குவதற்காக 1964இல் தொடங்கிய செப்பிலோக் மையத்தையும், அதை ஒட்டியிருக்கும் சூரியக் கரடிக் காப்பகத்தையும் பார்த்துவிடலாம். அங்கே பார்ப்பதைக் காட்டில் பார்த்ததாகக் கணக்கு வைக்கலாகாது என்றாலும், ஓராங் ஊத்தான் கிளையைப் பற்றும் விதத்தைப் பக்கத்தில் கண்டு பழகியிருந்தால், பின்னர் நூறு மீட்டர் தொலைவில் ஒரு கிளை அசையும்போது அது காற்றா, விலங்கா என்று கண் தானே சொல்லிவிடும்.

எல்லாரும் சண்டாகானிலிருந்து சாலைவழியே 130 கிலோமீட்டர் போய் நேரே சுகாவில் இறங்குவார்கள். நாம் படகில் போவோம் என்கிறேன். சண்டாகான் விரிகுடாவைக் கடந்து, அலையாத்திக் காடுகளின் நடுவே நுழைந்து, நீப்பா பனைகள் நெருங்கி நிற்கும் கழிமுகம் வழியாக அபாய் என்னும் சிற்றூரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் எதிரோட்டத்தில் சுகாவுக்கு ஏறலாம். உப்புநீர்க் காடு மெல்ல மெல்ல நன்னீர்க் காடாக மாறுவதை இந்த வழியில்தான் பார்க்க முடியும். அபாயின் கரைமரங்களில் இரவில் மின்மினிகள் உண்டு. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே, இங்கே கடைகளில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக்கின் நிறம்தான் ஆண்டு முழுவதும்.

சுகாவில் இரண்டு இரவுகள் வேண்டும், காரணம் மெனங்குல் என்ற கிளையாறு. நீள்மூக்குக் குரங்குகள் பகலில் உள்காட்டில் இலை தின்றுவிட்டு, மாலையில் தவறாமல் ஆற்றோர மரங்களுக்கு வந்துதான் உறங்கும். ஆகவே நான்கு மணிக்குப் படகேறினால் அவை வந்து சேர்வதை நாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். முதலில் உள்ளே எங்கோ கிளைகள் முறியும் ஓசை கேட்கும். பிறகு ஒரு பெண் குரங்கு, வயிற்றோடு குட்டி ஒட்டியிருக்க, கைகளை அகல விரித்து வெட்டவெளியில் பாயும். எதிர்மரத்தின் மெல்லிய கிளை அதன் எடைக்குக் கீழே வளைந்து தண்ணீரைத் தொட்டு மீளும். கடைசியாக ஆண் வரும். பெண்ணைப்போல் இரண்டு மடங்கு எடை, பருத்த தொந்தி, வாய்க்குமேல் தொங்கும் மூக்கு. கவையில் சாய்ந்து அமர்ந்து, கிராமத்துப் பெரியதனக்காரரின் தோரணையுடன் நம்மைப் பார்க்காதது போல் பார்க்கும். அந்தத் தொந்திக்குள் இருப்பது பல அறைகளாகப் பிரிந்த இரைப்பை. இலைகள் அங்கே நொதித்துச் செரிக்கின்றன. விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும் வழக்கமும் இவற்றுக்கு உண்டு என்பதை இதே மெனங்குல் கரையில் ஆய்வு செய்தவர்கள் 2011இல் வெளியிட்டார்கள். பழுத்த இனிப்புப் பழம் இவற்றுக்கு ஆகாது என்பதால், வாழைப்பழம் எறியும் பயணிகளைக் கண்டால் எனக்கு வரும் கோபத்தை நீ மன்னிக்க வேண்டும்.

ஓராங் ஊத்தானைத் தேடுவது வேறு வேலை. முதலில் கூடுகளைப் பார்க்க வேண்டும். அது ஒவ்வோர் இரவும் கிளைகளை ஒடித்து மடித்துப் புதுப் படுக்கை அமைப்பதால், இலைகள் பழுப்பேறிய கூடு பழையது என்றும், பச்சையாக இருந்தால் விலங்கு அருகில்தான் என்றும் படகோட்டி சொல்லிவிடுவார். பழுத்த அத்தி இருந்தால் அங்கே படகை நிறுத்திக் காத்திருப்பது மிக நல்ல உத்தி. இன்னொரு செய்தி உனக்குப் பிடிக்கும்: வெட்டப்பட்ட காட்டில் முதலில் முளைத்து இந்தக் கரையெங்கும் நிற்பது, இங்குள்ளோர் லாரான் என்று அழைக்கும் மரம், அது நம் முருகனுக்கு உகந்த கடம்புதான். 2000களின் தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பில் கீழ்க் கினாபாத்தாங்கானில் ஏறத்தாழ 1,100 ஓராங் ஊத்தான்கள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அதற்குப் பின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஒன்றைக்கூடப் பார்க்காமல் நாம் திரும்பவும் நேரலாம், அதற்கும் மனத்தைத் தயார்செய்துகொள்.

யானை விஷயத்தில் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. போர்னியோ யானைகள் காட்டில் சுமார் ஆயிரம்தான் எஞ்சியிருக்கின்றன. 2024இல் அவற்றை அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று பன்னாட்டுச் செம்பட்டியலில் தனியாகச் சேர்த்தார்கள். பக்கத்துச் சூலுத் தீவுகளின் சுல்தானுக்குப் பரிசாக வந்த யானைகளின் வாரிசுகள் இவை என்றொரு பழங்கதை வழங்கிவந்தது, ஆனால் 2003இல் வெளியான மரபணு ஆய்வு இவை ஆசியாவின் மற்ற யானைகளிலிருந்து தனித்துப் பிரிந்தவை என்று காட்டிற்று. நேரான தந்தம், தரையைத் தொட்டுவிடுவது போன்ற நீண்ட வால், முகத்துக்குச் சற்றே பெரிய காது ஆகியவற்றைக் கொண்டு நீயே வேறுபாட்டை உணர்வாய். கூட்டம் கரைக்கு வந்துவிட்டது என்ற செய்தி கைப்பேசி வழியே பரவியதும், பத்துப் பதினைந்து படகுகள் விரைந்து வந்து புல் மேயும் யானைகளைச் சூழ்ந்துகொள்ளும். ஆற்றைக் கடக்க நினைக்கும் தாயும் குட்டியும் இன்ஜின் இரைச்சலுக்கு அஞ்சிப் பின்வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அத்தகைய இடத்தில் நம் படகு நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லித்தான் நான் பதிவு செய்வேன். நெருங்கும்போது பெரிய இன்ஜினை அணைத்து மின்மோட்டாரில் ஓட்டும் படகு கிடைக்கிறது. கூடுதல் பணம் கொடுத்தாலும் தகும்.

கடைசி இரண்டு இரவுகள் பத்து பூத்தே கிராமத்தில். ஆற்று மக்களான ஓராங் சுங்கை சமூகத்தார் அங்கே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைக்கிறார்கள். அந்த வருவாயோடு காடு வளர்ப்பும் நடக்கிறது. அருகிலுள்ள துங்கோக் ஏரியை மூடிக்கிடந்த அயல்நாட்டு நீர்க்களையை வாரி அகற்றியவர்கள் இவர்களே. ஒரு முற்பகல் அவர்களுடன் நாற்று நடலாம், என் முதுகு ஒத்துழைத்தால். மீனாட்சி சைவம் என்பதை முன்பே தெரிவித்துவிடுவேன். சோறு, கீரை என்று சமாளிக்கலாம். ஊறுகாய் மட்டும் உன் பொறுப்பு. வழியில் கோமாந்தோங் குகையும் இருக்கிறது, உழவாரக் குருவிகளின் கூட்டைப் பிரம்பேணியில் ஏறி எடுக்கும் இடம் அது. மாலையில் அங்கே வௌவால்கள் வெளியேறுவதைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றில் ஒரு மாலையை இழக்க வேண்டும். எச்சம் படிந்த நடைபாதை வழுக்கும், சரோஜாவுக்கும் அது ஆகாது. ஆகவே வேண்டாம் என்பது என் எண்ணம், நீ வற்புறுத்தினால் மறுபரிசீலனை செய்யலாம்.

சில நடைமுறைச் செய்திகள். சபாவும் கோலாலம்பூரும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றினாலும் சண்டாகானில் சூரியன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக உதிக்கிறது. காலை ஆறு மணிக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடும், மாலை ஆறரைக்கு இருட்டிவிடும். ஆகவே ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுக் கட்டுப்பாடு உண்டு. உள்நாட்டு விமானம்தானே என்று கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடாதே, மலேசியக் குடிமகனான நானே அங்கே அடையாள அட்டையை நீட்டித்தான் நுழைகிறேன். குரங்கிடமிருந்து கொசு வழியே மனிதருக்குத் தொற்றும் மலேரியா சபாவில் இருப்பதால், முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டியும் கட்டாயம். மருந்து வேண்டுமா என்பதை உன் மருத்துவரிடம் கேள். அட்டைக் காலுறையை வால்பாறையிலிருந்தே கொண்டுவா. படகில் முக்காலி பயன்படாது, கையில் பிடிக்கக்கூடிய லென்ஸ் போதும். அதைவிட நல்ல பைனாகுலர் உன் புதுக்கண்ணுக்கு உதவும். இரவுப் படகில் உறங்கும் மீன்கொத்தியின் முகத்தில் பிளாஷ் அடிக்கமாட்டாய் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆற்றில் உப்புநீர் முதலை உண்டு, கையைத் தண்ணீரில் விட்டு அளையாதே.

ஜூன் கடைசி வாரமா, ஜூலை முதல் வாரமா என்பதை மீனாட்சியிடம் கலந்து எழுது. பத்து பூத்தே வீடுகளில் இடம் குறைவு, சிறிய படகுகளும் சீக்கிரம் பதிவாகிவிடும்; உன் பதில் வந்த அன்றே இரண்டையும் உறுதி செய்துவிடுகிறேன். கடவுச்சீட்டுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடிக் காலம் இருக்கிறதா என்றும், இந்தியர்களுக்கான விசா விதி அப்போது எப்படி இருக்கிறது என்றும் மகனைப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
ராஜமாணிக்கம்