20ஆம் தேதிக்குள்

அன்புள்ள கலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். சித்திக்கு மூட்டுவலி அப்படியேதான். ஃபோனில் கேட்டால் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

இந்த மாத ஜிஎஸ்டியை 20ஆம் தேதிக்குள் கட்டிவிடுவாய்தானே? அந்தப் பெரிய கடைக்காரர் இன்னும் பணம் தரவில்லை என்று தம்பி சொன்னான். அவனிடம் சொல்கிறாய், என்னிடம் சொல்லக்கூடாதா? நைட்டிக்குப் பில் போட்டால் வரி கட்டியாக வேண்டும். காசு கைக்கு வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தள்ளிப்போனால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம், அதற்கு மேல் வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. ஈரோட்டுத் துணிக்காரர் அவர் பில்லைக் கணக்கில் ஏற்றாவிட்டால், நீ அவருக்குக் கொடுத்த வரியும் உன் கணக்கில் வராது. அவரையும் விரட்டு.

விற்பனையில் 1 சதவீதம் மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்துக்கு மாறச் சொன்னேன். அதில் இருந்தால் அடுத்த மாநிலத்துக்கு விற்கக்கூடாதாம். புதுச்சேரியில் இருக்கிற உனக்கு முள்ளோடை தாண்டினால் அடுத்த மாநிலம்! கடலூர் மஞ்சக்குப்பத்துக் கடைகளை விட்டுவிட்டு நீ யாருக்கு விற்பாய்? சரி, அது வேண்டாம்.

அப்பா வரிப் பணத்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியாகப் போட்டு வைப்பார். பால்காரர் வாசலில் நின்றாலும் அதில் கை வைக்க மாட்டார். அவருக்குக் கைக்காசு வியாபாரம், உனக்குக் கடன் வியாபாரம். அது எனக்கும் புரிகிறது. ஆறு பெண்களுக்கு வாரம் தவறாமல் கூலி கொடுக்கிறாய். அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

பாடலீஸ்வரர் கோயிலுக்கு வந்தபோது கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாய். வெயில் என்றாய். நானும் ஆமாம் என்றேன். மாப்பிள்ளைக்குத் தெரியுமா? தெரிந்தால் சரி.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கிறதல்லவா? எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் அந்தப் பெரிய கடைக்காரர் பணம் தந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வட்டியோடு கேட்கலாம் என்று 2006லேயே சட்டம் இருக்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்பாய். போகும்தான். தராதவனுக்குத் தைத்துப் போட்டு, அந்த வரியையும் நீ கட்டுவதற்கு அது போகட்டும்.

20ஆம் தேதியை விடாதே. வியாழக்கிழமை வருகிறேன். பில் புக்கை எடுத்து வை, ஆடிட்டர் வீட்டுக்குச் சேர்ந்தே போவோம். நகைக்கடன் ரசீது இருந்தால் அதையும் எடுத்து வை.

அம்மா