வீட்டுக் கடன் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள கார்த்திக்,

பெரும்பாக்கத்தில் பார்த்து வைத்திருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு 50 லட்சம் ரூபாய் கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாடகை கொடுப்பது தண்டம் என்பது அப்பாவின் கட்சி. எனக்கு அவ்வளவு சுலபமாகச் சம்மதம் சொல்ல மனம் வரவில்லை; ஏன் என்பதைத் தொலைபேசியில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

கருவூலத்தில் ஓய்வூதியப் பட்டியல்களைப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலைப்படி, கணவர் காலமானால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் என்ற ஏற்பாடு இருந்த வீடுகளில், குடும்பத் தலைவர் போன பிறகும் பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு அது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமாக மாறியது. அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்தார்கள், அரசும் அதே அளவு செலுத்தியது. கடைசியில் மாதம் எவ்வளவு கைக்கு வரும் என்ற உறுதி மட்டும் போய்விட்டது. எங்கள் பிரிவில் ஒரே மேசையின் இரு பக்கமும் அமர்ந்து ஒரே வகைப் பட்டியல்களைச் சரிபார்த்த இருவரில், முன்னே சேர்ந்தவருக்கு அந்த உறுதி இருந்தது, பின்னே சேர்ந்தவருக்கு இல்லை. இருவருக்கும் வேலை ஒன்றுதான். முதுமைக்கு யார் பொறுப்பு என்பது மட்டும் மாறியிருந்தது. நடுத்தர வர்க்கத்துக்கு இந்த இருபது ஆண்டுகளில் நேர்ந்தது என்ன என்று யாராவது கேட்டால், அந்த மேசையைத்தான் காட்டுவேன்.

நாங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முன்னுக்கு வந்தோம் என்று அப்பா சொல்லும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. ஆனால் 2000 ஜனவரி வரை பொது சேமநல நிதிக்கு (பி.பி.எஃப்.) 12 சதவீத வட்டி கிடைத்தது. போட்ட பணம் ஆறே ஆண்டில் இரட்டிப்பானதற்கு எங்கள் சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. அன்று விலைவாசியும் வேகமாகத்தான் ஏறியது, எனினும் அகவிலைப்படி அதைப் பெருமளவு ஈடுகட்டியது. அதே நிதிக்கு 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இரட்டிப்பாகப் பத்தாண்டு வேண்டும். இன்னொன்றும் உண்டு. பிப்ரவரி பிறந்தால் வரிவிலக்குக்காக அஞ்சலகத்துக்கும் எல்.ஐ.சி.க்கும் ஓடுவோம்; வரிக்குப் பயந்தாவது சேமித்தோம். 12 லட்சம் வரை வரியில்லை என்று 2025 பட்ஜெட்டில் வந்த சலுகை புதிய வரி முறைக்கு உரியது; அதில் அந்தச் சேமிப்புக் கழிவுகள் கிடையாது. கையில் பணம் கூடுதலாக நிற்கிறது, அதை எடுத்து வைக்கச் சொல்லும் கட்டாயம் போய்விட்டது.

நான் ஓய்வுபெற்றபோது வாங்கியதைப் போலப் பல மடங்கு நீ இன்று வாங்குகிறாய். ஆனால் 58 வயது வரை வேலை என்று எனக்கு எழுதிக் கொடுத்ததுபோல் உனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2025 ஜூலையில் ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தபோது, நடுநிலை, உயர்நிலைப் பொறுப்பில் இருந்தவர்களே அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று செய்தி வந்தது. வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருத்துவம் எல்லாம் ஒன்றுசேரும் வயது அது.

இனி உன் கடன். 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால், 50 லட்சத்துக்கு மாதத் தவணை 38,765 ரூபாய். வாங்கிய சில மாதங்களிலேயே வட்டி 9.5 சதவீதமானால், வட்டி மட்டுமே மாதம் 39,500 ரூபாயை ஒட்டி வரும்; தவணையை முழுதாகக் கட்டியும் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இது கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிடாதே. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியாகிய ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. ஏறியது அதே இரண்டரை சதவீதம்தான். பலருக்குத் தவணைத் தொகை மாறாமல் கடன் காலம் மட்டும் ஓசையின்றி நீண்டது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2025-இல் ரெப்போ இறங்கியிருக்கிறது; 20 ஆண்டும் இறங்கியே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே இருவர் சம்பளத்தையும் கூட்டி வங்கி எவ்வளவு தரும் என்று பார்க்காதே. வித்யாவின் சம்பளத்தில் மட்டும் வீட்டுச் செலவும் தவணையும் அடங்குமானால் தாராளமாக வாங்கு. அடங்காவிட்டால் கடனைக் குறை, அல்லது இன்னும் மூன்று நான்கு ஆண்டு வாடகை வீட்டிலேயே இரு. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால், உங்கள் பெயரில் தனியாக ஒன்று எடுத்துக்கொள். 2025 செப்டம்பர் 22 முதல் அந்தப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

கடன் அனுமதிக் கடிதம் வந்ததும், வட்டி மாற்றம் பற்றிய நிபந்தனைகள் உள்ள பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அனுப்பு. அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா