வெடித்துப்போன போர்வை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் பிறந்தநாள் கேக்கின் மேல் நீ போர்த்திய சர்க்கரை மாவு, ஓரமெல்லாம் வற்றிய குளத்துத் தரைபோல் வெடித்துப்போனதென்று வருந்தியிருந்தாய். உன் கைப்பக்குவத்தில் குறையில்லை. வாங்கிய பொட்டலம்தான் தவறு. நீ எழுதியதைப் பார்த்தால் அது சர்க்கரைப் பூக்கள் செய்வதற்கான கம் பேஸ்ட் என்னும் மாவு. இதழ்கள் விறைத்து நிற்க வேண்டும் என்பதற்காகப் பிசின் கூட்டிச் செய்யப்படும் அது, போர்த்தி முடிப்பதற்குள்ளேயே காய்ந்துவிடும். கேக்கின் மேல் போர்த்துவதற்கு, ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரினும் குளுக்கோஸ் சிரப்பும் சேர்ந்த ஃபாண்டன்ட் என்னும் மென்மையான சர்க்கரை மாவுதான் வேண்டும். வீட்டிலேயே மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு மிட்டாய்த் துண்டுகளை உருக்கி, ஐசிங் சர்க்கரை சேர்த்துப் பிசைந்தும் செய்யலாம். எனக்கு அதன் சுவைதான் பிடிக்கும். ஆனால் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும் என்பதால், சைவ விருந்தினருக்கென்றால் பொட்டலத்தைப் படித்துவிட்டு வாங்கு.

பிசைவதில் அவசரப்படாதே. கையில் துளி வனஸ்பதி தடவிக்கொண்டு, இழுத்தால் அறுந்துபோகாமல் நீளும் வரை பிசைய வேண்டும். பலகையில் ஒட்டுகிறதே என்று சோளமாவை வாரித் தூவினால் அதுவே ஈரத்தை உறிஞ்சி மறுபடி வெடிப்பில் கொண்டுபோய் விடும். நிறத்துக்கு ஜெல் வண்ணம் மட்டும் போதும். நீர்த்த வண்ணம் மாவைக் குழைத்துவிடும். தேய்த்து விரித்த மாவின் தடிமன் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். 20 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கேக்குக்கு, இரு பக்க உயரத்தையும் அகலத்தோடு கூட்டி, வெட்டியெறிய 5 சென்டிமீட்டர் சேர்த்தால், 45 சென்டிமீட்டர் அகல வட்டம் தேவைப்படும்.

அடியில் பூசும் பட்டர்கிரீம், அதாவது வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த கிரீம், குளிரில் இறுகியிருக்க வேண்டும். அதில் உள்ள மேடுபள்ளம் அத்தனையும் மேலே தெரிந்துவிடும். போர்த்தியதும் முதலில் மேற்பரப்பையும் மேல் விளிம்பையும் நீவிவிடு. பக்கவாட்டில் மடிப்பு விழுந்தால் அழுத்தாமல், பாவாடையை விரிப்பதுபோல் வெளிப்புறமாக மெல்ல விலக்கிவிட்டு, உள்ளங்கையால் கீழ்நோக்கித் தடவு. காற்றுக்குமிழியை மெல்லிய ஊசியால் குத்தினால் போதும்.

முடித்த கேக்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதே. நான் ஒருமுறை வைத்து, வெளியே எடுத்த சற்று நேரத்தில் அது வியர்த்து, கருநீல வண்ணம் தட்டில் வழிந்ததைப் பார்த்து அழாத குறை.

உன்னிடம் மிஞ்சிய கம் பேஸ்ட்டைக் காற்றுப் புகாமல் சுற்றி வை. அடுத்த கேக்குக்கு அதில் ரோஜா செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
உன் தோழி